கவாத்துக் கத்திரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

காவேரிப் பாசனத்திற்குட்பட்ட தஞ்சைப் பிரதேசத்தில் நெல்லே முதன்மையான பயிர். எனினும், கொல்லையில் எலுமிச்சை, கொய்யா, மாதுளை, மல்லிகை, செம்பருத்தி ஆகியவற்றுள் ஒன்றேனும் இல்லாத வீடுகள் மிகச் சில. வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள மணற்பாங்கான நிலங்களில் முல்லைச் சாகுபடி பெயர் பெற்றது. இச்செடிகளுக்குக் காலந்தோறும் கவாத்து அவசியம். ஆயினும், விறகு வெட்டும் அரிவாளையே அநேகர் இவ்வேலைக்கும் உபயோகித்து வருகின்றனர்.

அரிவாளால் ஓங்கி வெட்டும்போது சிறு கிளை பிளந்துபோகிறது. பட்டை உரிந்து தொங்குகிறது. அவ்வித காயம் எளிதில் ஆறுவதில்லை. பிளவில் நீர் தங்கிப் பூசணம் நுழைய, கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வரும். இப்பிரதேசத்தில் இத்தீங்கு அதிகப்பட விசேஷ காரணமும் உண்டு. குண்டுமல்லியை நவம்பர் மாதக் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்துச் செய்வது வழக்கம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலமும் அதுவே. ஆகையால், மழை ஓய்ந்த இடைநாட்களில், வழவழப்பான வெட்டாக வெட்டுவது இங்கே மிகவும் முக்கியமாகும். அத்தகைய வெட்டுக்கு நல்ல கவாத்துக் கத்திரி வேண்டும்.

இருவகைக் கத்திரிகள்

கடைகளில் இருவகைக் கத்திரிகள் கிடைக்கின்றன. முதல் வகையில், கூரிய அலகு ஒன்று, வளைந்த தாங்கு அலகின் பக்கத்தை உரசிக்கொண்டு கடந்து செல்லும். இரண்டாம் வகையில், கூரிய அலகு கொல்லனுடைய பட்டடையைப் போன்ற தட்டையான தகட்டின்மேல் வந்து அழுந்தும். இவ்வகை பச்சைக் கிளையை நசுக்கிவிடும். காய்ந்த குச்சிகளைக் களைய மட்டும் ஏற்றது. உயிருள்ள செடிகளுக்கு முதல் வகையையே வாங்க வேண்டும்.

எவ்வகையாயினும் அதன் சக்திக்கு எல்லை உண்டு. ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கனம் வரையிலுள்ள கிளைகளுக்கே கைக்கத்திரி தகும். அதற்கு மேற்பட்டவற்றைக் கைரம்பத்தால் அறுக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தருகே கரையைக் கடந்த கஜா புயலைப் போன்ற சேதத்திற்குப்பின், முறிந்த மரங்களைச் சீர்ப்படுத்தக் கத்திரியும் ரம்பமும் ஆகிய இரண்டுமே தேவைப்படும். பருத்த கிளையில் கத்திரியை வைத்து முறுக்கினால், அலகுகள் விலகிக் கத்திரி கெட்டுவிடும்.

உருக்கும் உறுப்புகளும்

அலகு நன்றாகப் பதம் ஏற்றிய உருக்கினாலாயிருக்க வேண்டும். கார்பன் உருக்கு கூர்மையை நெடுநாள் தாங்கும். ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். கடற்காற்று வீசும் ஊர்களில் துருப்பிடிக்காத உருக்கு நலம். அதற்கு அடிக்கடி சாணை பிடிக்க நேரலாம். தகட்டை வெட்டி வளைத்துச் செய்த கத்திரியைவிட, காய்ச்சி அடித்து உருவாக்கியது உறுதியானது.

இரு அலகுகளையும் இணைக்கும் திருகாணி இறுக்கவும் தளர்த்தவும் கூடியதாயிருத்தல் அவசியம். தட்டி முடுக்கிய ஆணியுள்ள கத்திரி ஆடத் தொடங்கினால், அதைச் சீர்செய்ய வழியில்லை. அலகு, ஸ்பிரிங் முதலிய உறுப்புகள் தனியே கிடைக்குமா என்பதையும் கடைக்காரரிடம் கேட்டறிய வேண்டும். விலை சற்று மிகுந்தாலும், உறுப்பு மாற்றக்கூடிய கத்திரி பல ஆண்டுகள் உழைக்கும். மலிவான கத்திரிகளை மீண்டும் மீண்டும் வாங்குவதைவிட அது சிக்கனமாகும்.

கைக்கேற்ற அளவு

கத்திரியை வாங்குபவர் பெரும்பாலும் நிலத்துக்குரியவர். நாள் முழுதும் அதைப் பிடித்து வேலை செய்பவரோ கூலிக்கு வரும் பெண்ணாயிருக்கலாம். 20 முதல் 22 சென்டிமீட்டர் நீளமுள்ள கத்திரி பெரிய கைக்குப் பொருந்தும். சிறிய கைக்கு அதனினும் சிறியது வேண்டும். முழுதும் விரிந்த நிலையில் விரல்கள் பிடியைச் சிரமமின்றி எட்டாவிட்டால், சில மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும், வெட்டும் கெடும். எனவே, உபயோகிப்பவர் கையில் கொடுத்துப் பார்த்தே வாங்குதல் முறை. இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கென்றே செய்த கத்திரிகளும் உண்டு.

கடையிலேயே செய்யத்தக்க பரீட்சை

கத்திரியைப் பாதி விரித்து, அலகுகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும், ஆட்டம் இருத்தலாகாது. மூடிய நிலையில் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், வெட்டும் இடத்தில் இடைவெளி தெரியக்கூடாது. பின்னர், மெல்லிய காகிதத்தை அலகின் நுனியால் வெட்டலாம். கிழியாமல் நேராக வெட்டுப்பட வேண்டும். கையோடு கொண்டுபோன பச்சைச் செம்பருத்திக் குச்சியை வெட்டி, பட்டை நார் தொங்காமலிருக்கிறதா என்று கவனிப்பது எல்லாவற்றிலும் சிறந்த பரீட்சை.

வெட்டும் முறையும் பராமரிப்பும்

வெட்டும்போது கூரிய அலகு செடியில் நிற்கப்போகும் பாகத்தின் பக்கமும், தாங்கு அலகு நீக்கப்படும் பாகத்தின் பக்கமும் இருக்க வேண்டும். அப்பொழுது நசுங்கும் பகுதி வெட்டுண்ட துண்டோடு போய்விடும். நோயுற்ற செடியை வெட்டிய பின், 100-க்கு 70 பங்கு வலிமையுள்ள ஸ்பிரிட்டால் அலகைத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குச் செல்ல வேண்டும். பெரிய காயங்களுக்குப் போர்டோ பசை தடவுவோர், அப்பசை கத்திரியின் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள மயில்துத்தம் இரும்பை அரிக்கும்.

வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் பிசினைத் துடைத்து, உலரவிட்டு, இணைப்பில் ஒரு சொட்டு இயந்திர எண்ணெய் விட வேண்டும். சாணைக்கல்லைச் சரிவான முகத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். தட்டையான முகத்தைத் தேய்த்தால் அலகுகளுக்கிடையே இடைவெளி விழும். கார்த்திகையில் மல்லிகைக் கவாத்துக்கு இறங்குவோர், ஐப்பசியிலேயே கத்திரியைக் கழற்றித் துடைத்துக் கூர் தீட்டி வைத்துக்கொள்வார்களாக.