துரைமார் மலையில் இரண்டு இரவுகள்

வாசகர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்களைப் பெற்ற தாய், வேறொருவர் விரித்துப் போட்ட படுக்கையில் கடைசியாகப் படுத்தது எப்போது?

என் அம்மாவிடம் இதைக் கேட்டேன். சற்று நேரம் யோசித்தார். "நீ பொறந்தப்போ" என்றார். அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டில்தான்!

என் அம்மா முப்பத்திரண்டு ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியது. அப்போதும் உரம் போட்டார், உதிரிப் பழம் பொறுக்கினார். ஊரை விட்டு வெளியே இரவு தங்கியது என்றால் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பாய் விரித்துப் படுத்ததும், சொந்தக்காரர் கலியாண வீடுகளில் இரவு முழுக்கக் காய்கறி நறுக்கியதும்தான். ஓய்வுக்கென்று, சும்மா இருப்பதற்கென்று, எங்கும் போனதில்லை. எழுபத்து நான்கு வயதில்தான் முதல் முறையாகப் போனார். எங்கே போனோம், எப்படிப் போனோம், நீங்களும் போவதென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிழக்கே தெரியும் நீல மலை

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாய். 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் நம்மவர் வாயில் பழைய பெயர்தான் இன்னும் வருகிறது. வானம் தெளிந்த விடியற்காலையில் பழைய ஈயக் குட்டைப் பக்கம் நின்று கிழக்கே பாருங்கள். தொலைவில் நீல நிறத்தில் மலை வரிசை தெரியும். பெரட்டுக்குப் போகும்போது அம்மாவும் அவருடைய தோழிகளும் அதைக் காட்டி, "துரைமார் மலை" என்று பேசிக்கொள்வார்களாம். வெயில் தாங்காத துரையும் துரைசாணியும் அங்கே போய்க் குளிரில் இருந்துவிட்டு, சிவந்த கன்னத்தோடு திரும்பி வருவார்களாம்.

அந்த வரிசையில்தான் பிரேசர் மலை இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 4,000 அடி. சிலாங்கூரும் பகாங்கும் தொட்டுக்கொள்ளும் இடம். கேமரன் மலையைப் பற்றி நம்மவர் எல்லோருக்கும் தெரியும். தேயிலைத் தோட்டங்களும் காய்கறிச் சந்தையும் பார்க்கப் பஸ் பஸ்ஸாகப் போகிறோம். அதைவிட அருகில் இருக்கும் பிரேசர் மலைக்கு மட்டும் நம் குடும்பங்கள் அதிகம் போவதில்லை. அது நமக்குரிய இடமல்ல என்ற எண்ணம் எப்படியோ மனத்தில் பதிந்துவிட்டது.

தேடிப் போனது ஆளை, கண்டது குளிரை

யார் இந்தப் பிரேசர்? லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1890-களில் இந்த மலையில் ஈயம் தோண்டினார். கோவேறு கழுதைகளின் முதுகில் ஈய மூட்டைகளை ஏற்றிக் கீழே அனுப்பினார். சுரங்கக் கூலிகளுக்காக அபின் கூடமும் சூதாட்டமும் நடத்தினார் என்றும் சொல்வார்கள். பிறகு ஆள் மாயமாய் மறைந்துபோனார். சிங்கப்பூரிலிருந்து பெர்குசன்-டேவி என்ற கிறிஸ்தவப் பேராயர் அவரைத் தேடி மலையேறி வந்தார். பிரேசரைக் காணவில்லை, ஆனால் மலையின் குளிர்ச்சி அவருக்குப் பிடித்துப்போயிற்று. வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க ஏற்ற இடம் என்று அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். 1922-இல் மலை வாசஸ்தலம் திறக்கப்பட்டது. ஈயம் தோண்டிய பள்ளமே கோல்ப் திடலாயிற்று.

கருங்கல் சுவர், கணப்பு அடுப்பு, சுற்றிலும் ரோஜாச் செடி என்று இங்கிலாந்துக் கிராமத்து வீடுகளைப் போலவே பங்களாக்கள் எழுந்தன. அரசாங்கமும் பெரிய கம்பெனிகளும் தங்கள் அதிகாரிகளுக்காகக் கட்டியவை அவை. ரப்பரிலும் ஈயத்திலும் வந்த பணம் இந்த மலையின் மேலும் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பணம் யாருடைய வியர்வை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்து மலாயாவில் பொதுப்பணி இலாகாவின் சாலை வேலைகளில் கல்லுடைத்துக் கொட்டியவர்களிலும் தமிழர்கள் ஏராளம். வழி போட நாம் வேண்டியிருந்தோம். அந்த வழியாகப் போய்த் தூங்கத்தான் நமக்கு இடமில்லை.

இன்று அப்படியில்லை. பழைய பங்களாக்கள் சில சிறு விடுதிகளாக நடக்கின்றன. வாடகை கொடுக்கும் எவரும் தங்கலாம்.

வீட்டில் நடந்த வழக்கு

"அந்தக் காசுக்குக் கூரையை மாத்தலாமே" என்றார் என் அண்ணன். நியாயமான பேச்சுத்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். நாங்கள் பிள்ளைகள் நால்வர். ஆளுக்கு மாதம் இருபது வெள்ளி ஒரு மைலோ டின்னில் போட்டு வந்தோம். ஓராண்டில் தொள்ளாயிரத்து அறுபது வெள்ளி சேர்ந்தது. "கூரை அடுத்த வருஷமும் இருக்கும் அண்ணே, அம்மாவுக்கு முட்டி இருக்குமா?" என்று கேட்டேன். அதன் பிறகு அவர் பேசவில்லை. காரையும் அவரே ஓட்டி வந்தார்.

ரவாங் போய், செரண்டா, பத்தாங் காலி, ராசா வழியாகக் கோலகுபு பாரு. அங்கே இறங்கித் தேநீர் குடித்தோம். இந்த ஊருக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1883-இல் அணை உடைந்து பழைய கோலகுபுவை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. கலெக்டர் சிசில் ரேங்கிங்கும் மாண்டார். பின்னரும் வெள்ளம் ஓயாததால் மேட்டில் புதிய ஊர் கட்டினார்கள். 'பாரு' என்றால் புதிது அல்லவா?

அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. 1951 அக்டோபர் 6-ஆம் நாள் இந்தப் பாதையில்தான், பிரேசர் மலைக்கு ஓய்வெடுக்கப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள். அம்மா அப்போது கைக்குழந்தை. அவசர காலத்தில் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டதையும், சோற்றுப் பொட்டலத்தைக்கூடச் சோதித்து அனுப்பியதையும் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறார். காரின் சன்னலில் முகத்தை வைத்துக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கேப் என்ற கணவாயிலிருந்து உச்சிக்கு எட்டு கிலோமீட்டர். பாதை மிகக் குறுகல். பல ஆண்டுகளாக ஒரு மணி நேரம் ஏறும் வண்டிகளுக்கும் மறு மணி நேரம் இறங்கும் வண்டிகளுக்கும் என்று முறை வைத்து விட்டார்கள். பின்னர் இன்னொரு பாதையும் போடப்பட்டது.

அம்மா உட்கார்ந்தார்

நாங்கள் தங்கியது ஒரு சிறிய கல் விடுதி. நாலைந்து அறைகள். வாசலில் நீலச் செண்டுப் பூக்கள். உண்மையைச் சொல்ல வேண்டும்: அறையில் பூஞ்சை வாடை அடித்தது, சுடுதண்ணீர் வர நெடுநேரம் ஆயிற்று. ஆனால் விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மா கட்டிலில் உட்காரவில்லை. கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அழுக்காயிடப் போவுது" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். "இதுக்கு எவ்வளவு வெள்ளி?" என்று நான்கு முறை கேட்டார். நான் சொல்லவே இல்லை.

சாயங்காலம் தேநீரோடு, வெண்ணெயும் பழ ஜாமும் தடவித் தின்னும் ஸ்கோன் என்ற வெள்ளைக்காரப் பலகாரம் கொடுத்தார்கள். "சர்க்கரை போடாத பன்னு" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். இரவு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நான் பேசி முடிக்குமுன் தூங்கிவிட்டார்.

விடியற்காலை கண் விழித்தேன். அம்மா படுக்கையில் இல்லை. விரிப்பு மடித்து வைத்திருந்தது. தேநீர்க் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. பதறிப்போய் வெளியே ஓடினேன். பனி மூட்டத்துக்குள், வாசலில் விழுந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்! பெரட்டுக்கு எழுந்த பழக்கம். விடுதியில் வேலை செய்யும் மலாய்ப் பெண்மணி அப்போதுதான் வந்தார். துடைப்பத்தை மெல்ல வாங்கிக்கொண்டு மலாயில் சொன்னார்: "மக்சிக், இது என் வேலை. நான் சம்பளம் வாங்குகிறேன். நீங்கள் உட்காருங்கள்."

அம்மா உட்கார்ந்தார். வாசல் பெஞ்சில், கையை மடியில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

பனி விலகியது. பள்ளத்தாக்கிலிருந்து சியாமாங் குரங்குகள் தொண்டைப் பையை ஊதிக் கூவின. மஞ்சள் மார்பும் வெள்ளிக் காதுமாகச் சின்னஞ்சிறு பறவைகள் கூட்டமாக வந்து செடியில் அமர்ந்தன. இந்த மலையில் 250-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு. வெளிநாட்டார் அவற்றைக் காணவே வருகிறார்கள். "மரம் வெட்டுறப்ப குருவிச் சத்தம் கேட்டிருக்கேன். நிமிந்து பாத்ததில்ல" என்றார் அம்மா.

பிறகு, "நம்ம ஊரு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மேற்கே கைகாட்டினேன். இந்த மலைப்பக்கத்துச் சரிவுகளில் பிறக்கும் ஓடைகள்தாம் சிலாங்கூர் ஆறாகிப் பத்தாங் பெர்ஜுந்தாய் வழியாக ஓடி, கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மின்னும் கரைகளைத் தாண்டிக் கோல சிலாங்கூரில் கடலில் கலக்கின்றன என்று சொன்னேன். அந்த ஆற்றில் துணி துவைத்தவர் அவர்.

"நம்ம தண்ணி இங்கேருந்தா வந்துச்சு?" என்றார். சற்றுக் கழித்து, "உடம்பு இப்படிச் சாஞ்சு உக்காந்தாத்தான் மறுபடி ஓடும்னு தொரைக்குத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குத்தான் யாரும் சொல்லல" என்றார்.

மறுநாளும் விடியுமுன் விழித்துக்கொண்டார். ஆனால் எழவில்லை. கம்பளிக்குள்ளேயே படுத்துக்கொண்டு மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போகிறவர்கள் கவனிக்க

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கோலகுபு பாருவிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே பெட்ரோல் நிலையம் கிடையாது. கையில் ரொக்கம் இருக்கட்டும். மழை நாட்களில் மண் சரிந்து பாதை அடைபடுவதுண்டு. புறப்படுமுன் விடுதிக்குப் போன் செய்து, எந்தப் பாதை திறந்திருக்கிறது, ஏறும் நேரம் என்ன என்று கேளுங்கள். பள்ளி விடுமுறையையும் வார இறுதியையும் தவிர்த்தால் கூட்டம் குறைவு. படியில்லாத கீழ் அறையாகக் கேளுங்கள். முட்டி வலிக்காரருக்கு அது முக்கியம். சுவெட்டர், காலுறை, தைலம், வழக்கமான மருந்து மறவாதீர்கள். காட்டுப் பாதையில் நடப்பவர்கள் அட்டைக்குத் தயாராகப் போங்கள். நம்மவருக்கு அது புதிதல்லவே! சாப்பாட்டுக் கடைகள் சிலவே. புளிச்சோறும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போனால் முதல் வேளைக்கு ஆகும்.

இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட சேவைக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. அது முதலாளி போடும் பிச்சையல்ல, உங்கள் உரிமை. கலியாணத்துக்கும் கருமாதிக்குமே அத்தனை நாளையும் செலவழித்துவிடாதீர்கள். இரண்டு நாளை உங்களுக்கென்று ஒதுக்குங்கள்.

பிரேசர் மலைதான் என்றில்லை. கடற்கரையோ, உறவில்லாத ஓர் ஊரோ, எதுவாகவும் இருக்கட்டும். அம்மா அடுப்பு மூட்டாத, துடைப்பம் தொடாத ஓர் இடமாக இருந்தால் போதும்.

திரும்பும்போது அம்மா காரில் கேட்டார்: "அந்த மைலோ டின்னு இன்னும் இருக்கா?"

இருக்கிறது. இந்த மாதத்து எண்பது வெள்ளியும் அதில் விழுந்துவிட்டது. இந்த முறை பாதி கூரைக்கு, பாதி அம்மாவுக்கு என்று அண்ணன் சொல்லிவிட்டார்.