இடது கைக்கு ஒரு துணை

சாயங்காலமானால் கீ-போர்டு வகுப்பு வாசலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் மகள் ஐந்தாவது படிக்கிறாள். மூன்று வருஷமாகக் கீ-போர்டு கற்றுக் கொள்கிறாள். வலது கை நன்றாக ஓடும். இடது கை மட்டும் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். கிரேடு தேர்வுக்குப் பணம் கட்டி விட்டோமே என்ற பதற்றத்தில், அந்த இடது கையில் ஸ்கேலால் ஒரு போடு போட்டேன். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். நாலாம் நாள், "இனிமே வாசிக்க மாட்டேம்மா" என்று கீ-போர்டை உறைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்து மூடி விட்டாள். தேர்வுக்கும் போகவில்லை.

"அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். நீ செஞ்சதுல தப்பில்லே" என்றார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, லாங் லாங் கதையைக் கேட்கும் வரை.

கதையைச் சொன்னவன் என் நாத்தனார் மகன். லீவுக்கு வந்திருந்தான். பியானோ கலைஞர் லாங் லாங் எழுதிய சுயசரிதை அவனிடம் இருந்தது. எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது என்பதால், பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தமிழில் சொன்னான்.

லாங் லாங் 1982ல் சீனாவின் ஷென்யாங் நகரில் பிறந்தவர். இரண்டு வயதில் டி.வி.யில் டாம் அண்டு ஜெர்ரி பார்த்தாராம். பூனை கோட்டு போட்டுக் கொண்டு பியானோ வாசிக்க, உள்ளே தூங்கிய எலி எழுந்து வந்து வம்பு பண்ணுமே, அந்தப் படம்தான். அதில் வருவது ஃபிரான்ஸ் லிஸ்ட் எழுதிய ஹங்கேரிய ராப்சோடி. அதைக் கேட்டுத்தான் குழந்தைக்கு முதல் ஆசை வந்ததாம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதே படத்தைத்தான் பார்த்துச் சிரிக்கிறார்கள், பாருங்களேன்!

அப்பா எர்ஹூ என்ற இரண்டு தந்தி வாத்தியம் வாசிப்பவர். அம்மா டெலிபோன் ஆபரேட்டர். சீனாவில் கலாசாரப் புரட்சி நடந்த காலத்தில் இருவருடைய கலை ஆசையும் கருகிப் போனது. அதை எல்லாம் பிள்ளையின் பத்து விரலில் ஏற்றி வைத்தார்கள். பையனுக்கு ஒன்பது வயது ஆனபோது அப்பா போலீஸ் வேலையை விட்டு விட்டு, அவனைப் பெய்ஜிங்குக்குக் கூட்டிப் போனார். அம்மா மட்டும் ஊரிலேயே இருந்து, சம்பாதித்துப் பணம் அனுப்பினார். அந்த அம்மா எத்தனை ராத்திரி தூங்கியிருப்பாரோ!

பெய்ஜிங்கில் பாடம் சொன்ன ஆசிரியை, உனக்குத் திறமை போதாது என்று வகுப்பிலிருந்தே நிறுத்தி விட்டார். அந்தச் சமயத்தில் ஒரு நாள், பள்ளியில் சேர்ந்திசை ஒத்திகை முடிந்து பையன் வீட்டுக்குத் தாமதமாக வந்தான். பயிற்சி நேரம் வீணாகி விட்டதே என்று அப்பாவுக்கு வெறியே வந்து விட்டது. மாத்திரையை விழுங்கு, இல்லாவிட்டால் மாடியிலிருந்து குதி என்றாராம். ஒன்பது வயதுப் பிள்ளையிடம்! பையன் தன் இரண்டு கைகளையும் சுவரில் ஓங்கி ஓங்கிக் குத்தினான். கை இருப்பதால்தானே இத்தனையும்? அதற்குப் பிறகு சில மாதங்கள் பியானோவைத் தொடவே இல்லை.

இதைக் கேட்டதும் நான் எழுந்து சமையலறைக்குப் போய் விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மா நின்று விட்டு வந்தேன்.

வந்தும் விடவில்லை. "அப்படிக் கண்டிச்சு வளர்த்ததாலதானே பெரிய ஆளானார்?" என்று கேட்டேன். "அத்தை, அவசரப்படாம மிச்சத்தையும் கேளுங்க" என்றான்.

1997ல் அமெரிக்காவில், பிலடெல்பியாவில் உள்ள கர்ட்டிஸ் இசைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. கேரி கிராஃப்மன் என்ற ஆசிரியர், போட்டி, பரிசு எல்லாவற்றையும் மறந்து விட்டு இசையைப் படி என்று அவரைத் திருப்பி விட்டார். 1999ல், 17 வயதில், சிகாகோ பக்கம் ஒரு பெரிய விழாவில் உடல் நலமில்லாத ஒரு மூத்த கலைஞருக்குப் பதிலாக உட்கார்ந்து சைக்காவ்ஸ்கியின் முதல் பியானோ கன்சர்ட்டோவை வாசித்தார். ஒரே ராத்திரியில் புகழ். 2003ல் நியூயார்க் கார்னகி ஹால் கச்சேரியில் அதே அப்பாவை மேடைக்கு அழைத்து, எர்ஹூ வாசிக்க வைத்துத் தானும் கூட வாசித்தார். எனக்கு அந்த அப்பா மேல் கோபமும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. ஸ்கேல் பிடித்த கை என்பதால் பரிதாபம் கொஞ்சம் கூடுதலோ என்னவோ!

26 வயதில், 2008ல், குழந்தைகளுக்காகவே ஓர் இசை அறக்கட்டளை தொடங்கினார் லாங் லாங். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் வசதி குறைந்த பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில், ஒரு வகுப்பறை நிறைய பியானோ கீ-போர்டுகளை வைத்து, பள்ளி நேரத்திலேயே சொல்லித் தர ஏற்பாடு செய்தது அந்த அறக்கட்டளை. நூறு பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு பியானோவுக்கு இரண்டு பேராக உட்கார வைத்து, நூற்றியோராவது ஆளாகத் தானும் வாசிப்பார். அவர் பாடம் எடுக்கும் படத்தைச் செல்போனில் பார்த்தேன். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு, கையை ஆட்டி, தலையை ஆட்டி, மெட்டை வாயால் பாடிக் காட்டுகிறார். "இந்த ஆட்டு ஆட்டினா கழுத்து சுளுக்கிக்கும்" என்றார் என் கணவர். குழந்தை சிரிக்கிறது, சிரித்துக் கொண்டே மறுபடி வாசிக்கிறது.

அவரைப் பார்த்துச் சீனாவில் 4 கோடிக் குழந்தைகள் பியானோ கற்றுக் கொள்வதாகப் பத்திரிகைகள் எழுதின. அதில் எத்தனை வீட்டில் ஸ்கேல் இருந்ததோ!

என்னை ரொம்பவும் உலுக்கியது 2017ல் நடந்ததுதான். இடது கைக்கென்றே எழுதப்பட்ட ராவெலின் இசை ஒன்றைப் பயிற்சி செய்யும்போது அவருடைய இடது கை வீங்கி, வாசிக்க முடியாமல் போய் விட்டது. மாதக் கணக்கில் கச்சேரிகளை ரத்து செய்தார். ஆனால் அந்த வருஷம் அக்டோபரில் கார்னகி ஹால் தொடக்க விழா. என்ன செய்தார் தெரியுமா? தன் அறக்கட்டளையில் வளர்ந்த மாக்ஸிம் லாண்டோ என்ற 14 வயதுப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டார். இன்னொரு பியானோவில் சிக் கொரியா என்ற புகழ்பெற்ற கலைஞர். குருவின் வலது கையும் சிஷ்யனின் இடது கையும் சேர்ந்து, பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு கெர்ஷ்வினின் ராப்சோடி இன் ப்ளூவை வாசித்தன. உலகமே பார்க்கும் மேடையில், என் இடது கையால் முடியவில்லை என்று ஒரு குழந்தையிடம் கொடுக்க எவ்வளவு மனசு வேண்டும்! 2018ல்தான் மறுபடி மேடையில் இரண்டு கையாலும் வாசித்தார்.

இந்தக் கடைசி விஷயத்தை மகளிடமும் சொன்னேன். பதில் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே ஜிப்பைத் திறந்தாள். "அம்மா, நீ லெஃப்ட் ஹேண்ட் வாசி. நான் ரைட் ஹேண்ட் வாசிக்கிறேன்" என்றாள். எனக்கு ஸ்வரமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. கட்டைகளில் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சொல்லிக் கொடுத்தாள். இந்த வருஷம் தேர்வுக்குப் பணம் கட்டவில்லை. ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்ததும் அரை மணி நேரம் உட்காருகிறோம். மூன்றாவது வரி வந்தால் என் சுண்டு விரல் எங்கேயோ போய் விடுகிறது. "பரவாயில்லம்மா, மொதல்லேருந்து" என்கிறாள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.