ஜெய்சங்கர் (தொடர் கொலையாளி)

எம். ஜெய்சங்கர் (1977 – 27 பிப்ரவரி 2018) தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் ஏறத்தாழ 30 கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை வழக்குகளில் தொடர்புடையவராகக் காவல்துறையால் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆவார். சேலம் மாவட்டம் எடப்பாடிப் பகுதியைச் சேர்ந்த இவரை நாளிதழ்கள் 'சைக்கோ சங்கர்' என்று குறிப்பிட்டன. 2011இல் தருமபுரி நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பும் வழியில் காவலிலிருந்து தப்பினார். 2013இல் பெங்களூர் பரப்பன அக்ரகாரா மத்திய சிறையிலிருந்தும் தப்பினார்.

தொடர் கொலையாளி என்னும் சொல்

ஒரே நேரத்தில் பலரைக் கொல்வது கூட்டுக் கொலை எனப்படும். வெவ்வேறு நாட்களில், இடையில் கால இடைவெளி விட்டு, தனித்தனி நிகழ்வுகளாகப் பலரைக் கொல்பவரே தொடர் கொலையாளி. இடைவெளிக் காலத்தில் அவர் மற்றவர்களைப் போலவே வேலைக்குப் போவார், குடும்பத்தோடு இருப்பார். அண்டை அயலார் ஐயம் கொள்ளாததற்கு இதுவே காரணம். ஜெய்சங்கரும் திருமணமானவர், பெண் குழந்தைகளின் தந்தை, சரக்குந்து ஓட்டுநராகப் பணியாற்றியவர்.

தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்ட மற்றொரு கொலையாளியான ஆட்டோ சங்கர், 1995இல் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய குற்றங்கள் சென்னையில் ஒரு பகுதியைச் சுற்றி, ஒரு கும்பலின் துணையுடன் நடந்தவை. ஜெய்சங்கர் மீதான வழக்குகளோ பல மாவட்டங்களில் சிதறிக் கிடந்தன.

நெடுஞ்சாலையும் குற்றங்களும்

பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் வரும் நெடுஞ்சாலை அன்று தேசிய நெடுஞ்சாலை 7 எனப்பட்டது; இன்று அதன் எண் 44. சேலத்திலிருந்து பெருந்துறை, பெருமாநல்லூர், அவிநாசி வழியாகக் கோவைக்குச் செல்லும் சாலை அன்று 47, இன்று 544. இந்த இரண்டு சாலைகளையும் ஒட்டிய ஊர்களில் தனியாக இருந்த பெண்கள் குறிவைக்கப்பட்டனர். சாலையோர தாபாக்களை அண்டிப் பாலியல் தொழில் செய்து பிழைத்த பெண்களும் இவர்களில் இருந்தனர் என்று காவல்துறை கூறியது. கறுப்புப் பை ஒன்றில் அரிவாளை வைத்துக்கொண்டு ஜெய்சங்கர் சுற்றியதாகவும், சில குற்றங்களில் அவருக்குக் கூட்டாளி ஒருவர் இருந்ததாகவும் கூறப்பட்டது.

சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் ஒரே இரவில் மூன்று, நான்கு மாவட்டங்களைக் கடந்துவிடலாம். காவல் நிலையத்தின் கோப்பு அப்படிக் கடப்பதில்லை. ஒரு மாவட்டத்தில் 'அடையாளம் தெரியாத பெண் சடலம்' என்றும், வேறொரு மாவட்டத்தில் 'பெண் காணவில்லை' என்றும் பதிவாகும் இரண்டு செய்திகளை ஒருவர் சேர்த்துப் பார்த்தால்தான் தொடர்பு புலப்படும். தேட ஆளில்லாத பெண் என்றால் காணவில்லை என்ற புகாரே பதிவாகாது.

பெண் காவலர் கொலையும் கைதும்

2009 ஆகஸ்டில், அன்றைய துணை முதலமைச்சர் மு. க. ஸ்டாலினின் வருகையையொட்டிப் பெருமாநல்லூரில் பாதுகாப்புப் பணிக்கு வந்திருந்த பெண் காவலர் ஒருவர் காணாமல் போனார். அடுத்த மாதம் அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. அவர் கடத்தப்பட்டு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார். காவல்துறையைச் சேர்ந்தவரே கொல்லப்பட்டதால் விசாரணை தீவிரமடைந்தது. அக்டோபரில் ஜெய்சங்கரைத் திருப்பூர் காவல்துறை கைது செய்தது. அதன் பிறகே திருப்பூர், சேலம், தருமபுரி முதலிய மாவட்டங்களில் நிலுவையில் இருந்த வழக்குகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அவர் கோவை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்.

சேலத்தில் தப்பியது

2011 மார்ச்சில் ஒரு வழக்கின் விசாரணைக்காக ஜெய்சங்கரை ஆயுதப்படைக் காவலர் இருவர் கோவையிலிருந்து தருமபுரி விரைவு நீதிமன்றத்திற்கு அழைத்துச் சென்றனர். ஒரு வழித் தொலைவே 200 கிலோமீட்டருக்கு மேல். திரும்பும் வழியில், இரவு நேரத்தில், சேலம் பேருந்து நிலையப் பகுதியில் அவர் தப்பி ஓடினார். காவலுக்குச் சென்ற இருவரில் ஒருவர் ஓரிரு நாட்களில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு உயிரை மாய்த்துக்கொண்டார்.

கைவிலங்கு பற்றிய சட்டநிலையை இங்கு அறிந்துகொள்வது பயனுள்ளது. 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், விசாரணைக் கைதிகளுக்கு வழக்கமான நடைமுறையாகக் கைவிலங்கு பூட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தக்க காரணம் இருந்தால் மட்டுமே பூட்டலாம். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களைச் செய்தவர், காவலிலிருந்து தப்பியவர் ஆகியோருக்கு, குற்றத்தின் தன்மையைக் கருதிக் கைவிலங்கு பூட்ட இடமளிக்கிறது.

கருநாடகத்தில் பிடிபட்டது

தப்பிய ஜெய்சங்கர் கருநாடகத்திற்குச் சென்றார். அடுத்த சில வாரங்களில் அங்கே பல்லாரி உள்ளிட்ட பகுதிகளில் பெண்கள் பலரைக் கொன்றதாக அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. காவலில் ஓர் இரவு நேர்ந்த தவறு இத்தனை உயிர்களைப் பலி வாங்கியது.

அவரை மீண்டும் பிடித்துக் கொடுத்தவர்கள் உழவர்கள். 2011 மே மாதம் பீசப்பூர் (இன்றைய விஜயபுரா) மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், வயலில் தனியே வேலை செய்துகொண்டிருந்த பெண்ணை அவர் தாக்க முயன்றார். அந்தப் பெண் உரக்கக் கூச்சலிட்டார். ஓடிவந்த கணவரும் உடனிருந்தவரும் ஜெய்சங்கரை மடக்கிப் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தனர்.

பரப்பன அக்ரகாரா

பின்னர் அவர் பரப்பன அக்ரகாரா மத்திய சிறையில் வைக்கப்பட்டார். 2013 ஆகஸ்ட் 31 அன்று துமகூரு நீதிமன்றத்திற்குச் சென்று திரும்பியவர், உடல்நலமில்லை என்று கூறிச் சிறை மருத்துவப் பகுதியில் தங்கினார். செப்டம்பர் 1 அதிகாலையில் மாற்றுச் சாவியால் பூட்டைத் திறந்து, காவலர் சீருடை அணிந்து, மூங்கில் கழியையும் படுக்கை விரிப்புகளையும் கொண்டு மதில்களைத் தாண்டினார். குதித்தபோது காலில் அடிபட்டது. சிறைப் பணியாளர் பலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். துப்புக் கொடுப்பவருக்கு 5 இலட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டு, பல மொழிகளில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. செப்டம்பர் 6 அன்று, சிறையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூட்லு பகுதியில் அவர் பிடிபட்டார்.

அதன்பின் அவர் தனிமைச் சிறையில் கடும் கண்காணிப்பில் இருந்தார். 2018 பிப்ரவரி 27 அன்று முகம் மழிக்கும் பிளேடால் தொண்டையை அறுத்துக்கொண்டு இறந்தார். இதனால், நிலுவையில் இருந்த வழக்குகளில் தீர்ப்பைக் கேட்கும் வாய்ப்பு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கிட்டாமலே போனது.

'சைக்கோ' என்னும் அடைமொழி

மனநோயும் சட்டம் கூறும் சித்தசுவாதீனமின்மையும் ஒன்றல்ல. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி (இன்று பாரதிய நியாய சன்ஹிதா 22), தாம் செய்வது என்ன என்றோ அது தவறு என்றோ அறிய இயலாத நிலையில் இருந்தவருக்கு மட்டுமே குற்றப் பொறுப்பு இல்லை. அந்நிலையை மெய்ப்பிக்க வேண்டியவர் குற்றஞ்சாட்டப்பட்டவரே. ஆளில்லாத இடத்தைத் தேர்வதும், ஆயுதத்தை மறைத்து வைப்பதும், மாற்றுச் சாவியைத் தேடிக்கொள்வதும் திட்டமிடலைக் காட்டுபவை. மேலும், மனநலச் சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர்கள். இந்த அடைமொழி அவர்கள்மீதும் வீண்பழி சுமத்துகிறது.

பின்னர் ஏற்பட்ட மாற்றங்கள்

நாடெங்கும் உள்ள காவல் நிலையங்களின் பதிவுகளைக் கணினி வழியே இணைக்கும் திட்டத்திற்கு நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது 2009இல்தான். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவதைக் கட்டாயமாக்கியது 2013ஆம் ஆண்டின் லலிதா குமாரி வழக்குத் தீர்ப்பு. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம் என்பது இன்று சட்டமாகவே உள்ளது. ஆயினும் கணினியில் ஏறுவது பதிவான புகார் மட்டுமே. நெடுஞ்சாலையோரத்தில் பிழைக்கும் ஒரு பெண் காணாமல் போனாலும் அவருக்காகத் தரப்படும் புகாரை உடனே எழுதிக்கொள்வதுதான் இத்தகைய குற்றத்தொடரை முதல் கண்ணியிலேயே அறுக்கும்.