அம்மா வீட்டு யந்திரம்

தபால் தலை சேர்ப்பவர்களை நாம் அறிவோம். பழங்காசு சேர்ப்பவர்களையும் அறிவோம். ஆனால் வீடு கூட்டும் சாதனத்தை யாராவது ஆசையோடு சேர்ப்பார்களா? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சேர்க்கிறார்கள்! தென்னந் துடைப்பத்தை அல்ல. மின்சாரத்தினால் தூசியை உறிஞ்சும் 'வாக்வம் கிளீனர்' என்னும் யந்திரத்தை. அமெரிக்காவில் இவர்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது.

இந்த யந்திரத்தின் பூர்வ கதை ரஸமானது. ஹ்யூபர்ட் ஸெஸில் பூத் என்ற ஆங்கில இஞ்சினீயர், தூசியை ஊதித் தள்ளும் ஒரு கருவியைக் கண்டார். 'ஊதுவானேன்? உறிஞ்சினால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. நாற்காலி மெத்தையின் மேல் கைக்குட்டையைப் போட்டு, வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையில் அழுக்கு ஒட்டிக்கொண்டது! 1901-ல் அவர் செய்த யந்திரம் குதிரை பூட்டி இழுக்கும் அளவு பெரியது. அதைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே வீட்டுக்குள் விடுவார்களாம்.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஒரு ஏழைத் தொழிலாளி. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துக் கான்டன் நகரில், ஒரு கடையில் தரை கூட்டி வந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்களருக்குக் காசநோய் அல்ல, ஆஸ்த்மா உபத்திரவம். தூசியே அவருக்குச் சத்துரு. 1907-ல் விசிறி மோட்டார், துடைப்பக் கழி, தலையணை உறை இவற்றைக் கொண்டே ஒரு யந்திரம் செய்துவிட்டார். மறு வருஷம் அதன் உரிமையைத் தோல் சாமான் வியாபாரியான ஹூவர் வாங்கினார். இன்றும் இங்கிலாந்தில் இந்த யந்திரத்தால் சுத்தம் செய்வதற்கு 'ஹூவர் செய்வது' என்றே பெயர்.

இத்தகைய பழைய யந்திரங்களைத் தேடி அலைகிறவர்களைக் காரணம் கேட்டால், பலரும் பால்யத்தையே சொல்கிறார்கள். அம்மா அதைத் தள்ளிக்கொண்டு வருவாள். துணிப் பை புஸ்ஸென்று உப்பும். முன்புற விளக்கு மினுக்கும். குழந்தை பயமும் குதூகலமுமாய்ப் பின்னாலேயே ஓடும். அந்த இரைச்சலும், சூடேறிய மோட்டாரின் வாசனையும் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆகவேதான் அவர்கள் யந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் திருப்தியடைவதில்லை. வெடித்துப்போன மின்சாரக் கம்பியை மாற்றுகிறார்கள். இற்றுப்போன ரப்பர் வாருக்குப் பதில் புது வார் பூட்டுகிறார்கள். பிறகு தங்கள் வீட்டையே அதனால் சுத்தம் செய்கிறார்கள்.

இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. ஓட்டினால் யந்திரம் தேயும். தேய்ந்த உறுப்புக்கு மாற்று எளிதில் கிடைக்காது. ஓட்டாமல் வைத்தாலோ, அது ஊமை. அம்மாவின் முகத்தைப் படம் காப்பாற்றிவிடும். அவள் வேலை செய்த காலை நேரத்துச் சப்தத்தை எந்தப் படம் காப்பாற்றும்?

அதற்காகவே, தேய்ந்தாலும் தேயட்டும் என்று பொத்தானை அழுத்துகிறார்கள். கம்பளம் சுத்தமாவது அப்புறந்தான்.