துபாய் கோப்பையில் கிரீன்லாந்து பனி

தைப்பிங்கில் ஐஸ் கச்சாங் சாப்பிடும்போது, அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்களா? துபாய் மதுக்கூடங்களில் அதற்குத்தான் விலை. கிரீன்லாந்துக் கடலில் மிதக்கும் பனிப்பாறைத் துண்டுகளை ஆர்க்டிக் ஐஸ் என்ற நிறுவனம் அங்கு அனுப்பத் தொடங்கியது. 1 லட்சம் ஆண்டுப் பழையது என்பது விளம்பரம். ஆனால் ஒரு கிலோ பனி, புதிதோ பழையதோ, உருகும்போது உறிஞ்சும் வெப்பம் 334 கிலோஜூல்தான்.

மிதக்கும் பனியை எடுப்பதால் கடல்மட்டம் உயராது. சிக்கல், கப்பலும் குளிர்பதனப் பெட்டியும் எரிக்கும் எரிபொருளில்.

1833-இல் டியூடர் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பிய பனி நான்கு மாதப் பயணத்தைத் தாங்கியது. சென்னை ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்தின் மிச்சம். அதுவோ ஏரிப் பனி. அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் உறையும். உள்ளூரில் ஐஸ் இயந்திரம் வந்ததும் வணிகம் படுத்துவிட்டது. துபாயில் ஐஸ் இயந்திரங்களுக்குப் பஞ்சமில்லை.