ஹுசேன் சாகரில் ஒரு 'திருகோணமலை'

டாங்க் பண்டில் மாலைக் காற்று வாங்கச் செல்லும் தமிழன்பர்கள், ஹுசேன் சாகரில் பாய்ப் படகுகள் பந்தயம் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். அதே நீரில் பழங்காலப் போர்க்கப்பல் ஒன்றைச் சிறிய அளவில் செய்து, வானொலி அலையால் இயக்கி ஓட விடுவதென்றால் லேசான காரியமல்ல.

செய்வதற்கு நமக்கு உகந்த கப்பல் ஒன்று உண்டு. 'டிரிங்கோமாலி' என்று பெயர், திருகோணமலைதான்! பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கினால் கட்டி, 1817 அக்டோபர் 12-ல் நீரில் இறக்கியது. இதன் வரைபடங்களை முதலில் ஏற்றி வந்த 'ஜாவா' கப்பலை, 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்கர் பிடித்து எரித்துவிட்டனர். படங்களை மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. இத்தனையும் தாண்டி உருவான அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது.

பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 150 அடி. ஐம்பதில் ஒரு பங்காக்கினால் மூன்றடி. வினை இங்கேதான். கப்பலைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியுமா? அதே காற்றில், சாய்க்கும் வலிமையோடு ஒப்பிட்டால் நிமிர்த்தும் வலிமை ஐம்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. சற்றுப் பலமாக வீசினால் குப்புறக் கவிழும்.

ஆகவே அடியில் ஒரு தகட்டை இறக்கி, நுனியில் ஈயக் குண்டு பொருத்துவார்கள். அசலில் இல்லாததாயிற்றே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஏரிக்கடியில் கப்பலைத் தேடுவதைவிட இது மேல். அலமாரியில் வைக்கும்போது கழற்றிவிடலாம்.

சுக்கானுக்கு ஒரு சிறு மோட்டார். பாய் தொங்கும் குறுக்குக் கழிகளைத் திருப்ப இன்னொன்று. ஒரு பக்கம் இழுத்த நூலளவே மறுபக்கம் விட வேண்டும். தளர்ந்தால் பீரங்கி வாயில் சிக்கிக்கொள்ளும். முதல் வெள்ளோட்டத்தை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே வைத்துக்கொள்வது நலம்.