வயிற்றுப்போக்குக் கிருமியின் பூர்வீகம்

வயிற்றுப்போக்கால் அனுமதிக்கப்பட்டவரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "குளுக்கோஸ் ஏற்றியாகிவிட்டது, நோயாளியும் தேறி வருகிறார். இனி எதற்கு மலப் பரிசோதனை?" கேள்வி நியாயமானதே. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே முதல் சிகிச்சை. அது பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. ஆயினும் அந்தச் சிறு மாதிரி, நோயாளிக்கு மட்டுமன்றி அவரது தெருவுக்கும் ஊருக்கும் பயன்படக்கூடியது.

ஆய்வகத்தில் மாதிரியிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்க்கிறோம். அது காலராக் கிருமியா, சிகெல்லாவா, சால்மொனெல்லாவா என்பதையும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் அறிகிறோம். ஒரே பகுதியில் பலர் நோயுறும்போது மற்றொரு கேள்வி எழுகிறது: இவர்கள் அனைவரையும் தாக்கியது ஒரே மூலத்திலிருந்து வந்த கிருமிதானா? 'காலரா' என்ற பெயர் மட்டும் இதற்கு விடை தராது. கிருமியின் மரபணுத் தொகுதியைப் படித்தறிய வேண்டும்.

காலராக் கிருமியின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துகளைக் கொண்ட ஏடு எனலாம். கிருமி பெருகும் ஒவ்வொரு முறையும் அந்த ஏடு படியெடுக்கப்படுகிறது. ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் கையில் எப்போதேனும் ஓரெழுத்து பிறழ்ந்ததுபோல, இங்கும் அரிதாகப் பிழை நேர்கிறது. அப்பிழை அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் செல்கிறது. ஆகவே இரு கிருமிகளுக்கு இடையே எழுத்து வேறுபாடு எவ்வளவு குறைவோ, அவ்வளவு நெருங்கியது அவற்றின் உறவு.

இம்முறையின் ஆற்றலை ஹைட்டி நாட்டில் உலகம் கண்டது. 2010 ஜனவரியில் நிலநடுக்கத்தால் சிதைந்த அந்நாட்டில், அதே ஆண்டு அக்டோபரில் காலரா வெடித்தது. அதற்கு முன் ஏறத்தாழ நூறாண்டுகள் அங்கே காலரா பதிவானதில்லை. கடலோர நீரில் முன்பே இருந்த கிருமி பெருகியதா, வெளியிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் வாதிட்டனர். நோய் முதலில் பரவியது ஆர்ட்டிபோனிட் ஆற்றை ஒட்டி. அதன் கிளையாறு ஒன்றின் கரையில் ஐ.நா. அமைதிப்படை முகாம் இருந்தது. அங்கு அம்மாதம் வந்து சேர்ந்த வீரர்கள் நேபாளத்தினர். நேபாளத்தில் அவ்வாண்டு காலரா பரவியிருந்தது.

2011-இல் வெளியான ஆய்வொன்றில், நேபாளத்தில் சேகரித்த 24 கிருமிகள் ஹைட்டிக் கிருமிகளோடு ஒப்பிடப்பட்டன. அவற்றுள் ஒரு சிறு குழு, ஹைட்டிக் கிருமிகளிலிருந்து ஓரிரு எழுத்துகளில் மட்டுமே வேறுபட்டது. மரபணு உறவைக் காட்டியது. நோய் சென்ற பாதையைக் களஆய்வு காட்டியது. முதல் நோயாளிகள் முகாமுக்குக் கீழ்ப்பகுதியில் ஆற்றுநீரைப் பயன்படுத்தியவர்கள். முகாமின் கழிவகற்றும் ஏற்பாடோ குறைபாடுடையது. இரண்டும் சேர்ந்தே ஐயத்தை நீக்கின. அந்நோயால் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது, நோயுற்ற ஒருவர் மீதோ ஒரு நாட்டவர் மீதோ பழி சுமத்துவது அன்று. கிருமியைச் சுமந்து வருபவர் அதை அறியாமலே இருக்கலாம். கழிவு குடிநீரில் கலக்க எங்கே வழி திறந்திருக்கிறது என்பதே கண்டறிய வேண்டியது. ஒரு தெருவில் பத்துப் பேரிடம் கண்ட கிருமிகள் நெருங்கிய உறவுடையவை எனில், பொதுவான குடிநீர்க் குழாயையோ ஒரே விருந்து உணவையோ ஆராய வேண்டும். உறவற்றவை எனில், காரணங்கள் பலவாக இருக்கக்கூடும்.

எல்லா மாதிரிகளும் மரபணு ஆய்வுக்குச் செல்வதில்லை. தேவை எழும்போது மட்டுமே செல்கின்றன. அதற்கும் வழக்கமான பரிசோதனைக்கும் தங்கள் உதவி வேண்டும். கூடியவரை ஆன்டிபயாட்டிக் மருந்து தொடங்கும் முன்பே மாதிரியைத் தாருங்கள். மருந்து உட்கொண்டபின் கிருமியை வளர்த்தெடுப்பது கடினம். நாங்கள் தரும் சுத்தமான குப்பியில், சிறுநீர் கலவாமல் எடுங்கள். கடந்த சில நாட்களில் எங்கே நீர் அருந்தினீர்கள், எங்கே உண்டீர்கள், எவ்வூருக்குச் சென்றீர்கள் என்பதைத் தயக்கமின்றிச் சொல்லுங்கள். வீட்டில் வேறு எவருக்கேனும் வயிற்றுப்போக்கு தொடங்கினால், உடனே ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுக்கத் தொடங்குங்கள். கண்கள் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, சோர்வு மிகுந்தாலோ காலம் தாழ்த்தாமல் அழைத்து வாருங்கள்.